ஒற்றைச் செருப்புகள்

சளியில் கிருமி என்று சீட்டெழுதித் தந்தார்கள்.
ஆறு மாசம் கடலில் இறங்கக் கூடாது.
அறுபது எண்ணும்வரை மூச்சடக்கிப்
பாறையடியில் மரிக்கொழுந்துப் பாசி பறித்தவள் நான்.
சின்னப்பாலத்தில் என் வீட்டுக் கட்டிலிலிருந்து
வாசலுக்கு வரவே
இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

விடிந்தால் மாத்திரை.
மூத்திரம் ஆரஞ்சு மிட்டாய் கரைத்தாற்போல் போனது.
எனக்கென்று தனித் தம்ளர், தனிப் பாய்.
நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றே
பள்ளிக்கூடத்துச் சண்டைகளையெல்லாம் சொல்லுவான் ரூபன்.
யார் ஜெயித்தது என்று கேட்பதற்குள்
இருமல் வந்துவிடும்.

ஒருநாள் சாக்கு நிறையச்
செருப்பு பொறுக்கி வந்து கொட்டினான்.
கொண்டல் அடித்துக் கரையேற்றியவை.
சிலதின் வாரில் அக்கரை எழுத்து.
சிலதில் கொட்டலசு ஒட்டிக் காய்ந்திருந்தது.
ஜோடி தேடினேன் முதலில்.
கடலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பாசிக் கத்தி சும்மாதானே தொங்குகிறது,
எடுத்து ஒரு நண்டு வெட்டினேன்.
ஏழு கால்தான் வந்தது.
எட்டாவதற்கு ரப்பர் போதவில்லை.
"இதுக்கும் சீக்கா அம்மா?" என்றான் பையன்.
ஜன்னலில் வைத்தேன்.
கண் இருந்த இடத்தில் வார்த் துளை,
அதன் வழியே வெயில் வந்து
தரையில் ஒரு காசு வைத்துவிட்டுப் போகும் தினமும்.

அப்புறம் அறுந்த வலைக்கண்ணியில் ஒரு பை,
தெர்மாகோலில் யாருக்கும் உதவாத ஒரு கோபுரம்,
பாட்டில் மூடியில் திரை.
திரை காற்றில் கடகடத்துத் தூக்கம் கெட்டதில்
சவரியான் அதைக் கழற்றிக் கோழிக்கூட்டில் கட்டினார்.
கோழிக்கும் பிடிக்கவில்லை.

தின்று முடித்த மாத்திரை அட்டைகளை
எறிய மனசு வரவில்லை.
வெள்ளித்தாளைக் கீறிக் கீறிக் குஞ்சம் செய்து
ஆணியில் மாட்டியிருந்தேன்.
கேட்காமலே நாலைந்தை உருவிப்போய்க்
கணவாய்த் தூண்டிலில் கட்டியிருக்கிறார் மனுஷன்.
மறுநாள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார்:
"ஒம் மருந்துக்கு நல்ல கிராக்கி!"
நான் எழுபது நாள் வாந்தியோடு விழுங்கியதைக்
கணவாய் ஆசையாய்க் கவ்வியிருக்கிறது.
நோய் வந்தபின் அன்றைக்குத்தான்
வயிறு வலிக்கச் சிரித்தேன்,
சிரித்தால் இருமல் வரும் என்ற பயத்தை
மறந்துபோய்.

முனியாயி வந்தாள்.
நண்டைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
துணி சுற்றிய விரல்களை விரித்துக் காட்டினாள்.
துணிக்குள்ளும் பாறை கிழித்திருந்தது.
"பொம்மை கெடக்கட்டும்,
இதுக்கு ஒண்ணு வெட்டித் தாயேன்."

பச்சைச் செருப்பில் குதிகால் பக்கம்தான் கெட்டி.
அதில் துண்டு எடுத்து
நரம்பால் தைத்து
விரலுக்கொரு தொப்பி.
ஒன்பதோடு பச்சை தீர்ந்தது,
பெருவிரலுக்குச் சிவப்பு.
அதைப் போட்டுக்கொண்டு அவள் தண்ணிக்குள் போனாள்.
அடுத்த வாரம் பதினொரு பேர் கேட்டார்கள்,
ஒருத்தி முட்டிக்கும் சேர்த்து.
அளவெடுக்க என் கையைத் தொட்டார்கள்.
அஞ்சு மாசமாய்
ஊசி போடுகிறவள் தவிர
யாரும் தொடாத கை.

ஆறாம் மாசம் சளியில் ஒன்றுமில்லை என்று வந்தது.
அன்று சாயங்காலமே
இடுப்பளவு தண்ணியில் நின்று
முகத்தை அமிழ்த்தினேன்.
இருபத்திமூன்று.
மறுபடி அமிழ்த்தினேன்.
இருபத்திரெண்டு.

கரையில் ஈரப் பாசியை உதறிக்கொண்டே
முனியாயி கேட்டாள், "எத்தனை?"
உப்பைத் துடைத்துக்கொண்டேன்.
"பச்சைச் செருப்பு கெடச்சா எடுத்து வை," என்றேன்.
"குதிகால் தேயாததா."